மாமா வீட்டு நுரை

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம், அங்கே நீ எப்படி இருக்கேன்னு கேட்டு ஆரம்பி" என்றாள் அம்மா, அதில் பின்பாதியை மட்டும்தான் என்னால் மனமார எழுத முடிகிறது. உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவின் விரல்கள் மட்டும் மறுபடி வெடித்திருக்கின்றன, பேனா பிடித்தால் எரிகிறது, அதனால்தான் கையெழுத்து என்னுடையது. அவள் இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று துண்டுகளை மடித்துக்கொண்டே சொல்கிறாள், நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் சொல்ல வேண்டியதில் பாதியை விட்டுவிடுவாளாம். மாமா உன்னைக் கூப்பிடுவதற்குள் விஷயம் உனக்குத் தெரிந்துவிட வேண்டுமாம், அதனால் எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன்.

விஷயம் அந்தப் பெட்டிதான். நீ ஊருக்குப் போன பிறகு மாமா தான் விற்கும் சரக்கிலிருந்து கொண்டுவந்து மாட்டினாரே, சோற்று டப்பா அளவில், இரண்டு பச்சை விளக்குகளோடு, தெருவிலிருந்து வரும் குழாயைச் சுற்றி வயரைச் சுற்றிவிட்டு, இனி உங்கள் உப்புத் தண்ணீர் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று சொன்னாரே, அது. தண்ணீரைத் தொடாமலேயே மின்சாரத்தால் அதிலிருக்கும் சுண்ணாம்பை எங்கேயும் ஒட்டாமல் செய்துவிடும் என்றார். பெட்டி பழகும் வரை சோப்புத்தூளை மாற்று, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் ஊற்று, ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வை என்றும் சொல்லிவிட்டுப் போனார். நம் சலவைக்கடைக்கு வரும் கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகள் அப்படியே பளிச்சென்று வந்தன, துண்டுகள் மெத்தென்று இருந்தன, அம்மா கடைக்கு வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பச்சை விளக்கைக் காட்டினாள். கரண்ட் போனால் சலவைக்கடையில் குழாயையே திறக்க விடமாட்டாள், ஊறவைக்கக் கூடாது, கையால் அலசக் கூடாது, "பெட்டி தூங்குது, எழுந்திருக்கட்டும்" என்பாள், நாங்கள் மூவரும் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்போம். இந்த வரியை எழுதாதே என்கிறாள். எழுதிவிட்டேன்.

பெட்டி பழகிவிட்டது என்று மாமா சொன்னதும் வினிகரை நிறுத்தினோம், பழைய சூட்டுக்குப் போனோம், வெள்ளைத் துணி மறுபடி சாம்பல் பூத்தது. மாமா வந்து வயரை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். பிறகு இன்னும் நெருக்கமாகச் சுற்றினார். நான் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். சோப்பு நுரைக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு சொல்லாதே, விற்பவர்களே சுண்ணாம்பை நீக்குவதாகச் சொல்வதில்லை, ஒட்டாமல் செய்வதாகத்தான் சொல்கிறார்கள், அப்படியானால் ஒட்டுகிறதா என்று பார் என்றார். அதனால் ஒரே மாதிரி இரண்டு கெட்டில் எடுத்து, ஒன்றில் பெட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்தும், மற்றதில் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் குழாயிலிருந்தும் தண்ணீர் பிடித்து, பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் கொதிக்க வைத்தேன். அப்பா டீயை எந்தக் கெட்டிலில் போடுவது என்று என்னிடம் அனுமதி கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டார். கடைசியில் இரண்டின் அடியிலும் ஒரே வெள்ளைத் தோல், நகத்தால் சுரண்டினால் இரண்டும் ஒரே மாதிரி பிடிவாதம் பிடித்தன. டீச்சரிடம் காட்டினேன். உன் வீட்டுக் கெட்டிலை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதாதே, இந்த மாதிரிக் கருவிகளைச் சோதித்த சிலர் கொஞ்சம் பலன் தெரிந்ததாகச் சொல்கிறார்கள், பலர் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள், ஆனால் தொழிலை இதை நம்பி நடத்தலாமா என்று கேட்டால் நான் நடத்தமாட்டேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "கெட்டிலுக்கு என்னடி தெரியும்" என்றாள். மறுநாள் சோறு பரிமாறும்போது தானாகவே, "அப்படியே இருந்தாலும் உங்க மாமாவும் ஏமாந்திருப்பான். அவன் சின்னதிலேர்ந்து அப்படித்தான், யார் எதைச் சொன்னாலும் நம்பிடுவான்" என்றாள். அந்த ஒரு நம்பிக்கையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள், அண்ணா. பெட்டி பொய்யாக இருந்தால்கூட தம்பி பொய்யில்லை என்று.

அதைக் கெடுத்தது நான்தான், வேண்டுமென்று செய்யவில்லை. மாமா மகளிடம் வரலாற்றுப் புத்தகம் வாங்கப் போயிருந்தேன், பேனா கசிந்து கையெல்லாம் மை. அவர்கள் வீட்டுக் குழாயில் சோப்பைத் தொட்டதும் நுரை பொங்கிவிட்டது. நம் வீட்டில் அரைக் கட்டி தேய்த்தாலும் வராத நுரை, முழங்கை வரைக்கும். அலச அலசக் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் அப்படியே நிற்பதைப் பார்த்த அத்தை, பாவம், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சாஃப்ட்னர் தண்ணி அப்படித்தான் வழுவழுன்னு இருக்கும். பின்கட்டுல பாரு, உங்க மாமாதான் மூட்டை மூட்டையா உப்பு தூக்கிக் கொட்டுறாரு, முதுகு போச்சுங்கறாரு." பின்கட்டில் என் உயரத்துக்கு ஒரு டேங்க், பக்கத்தில் உப்புத் தொட்டி. உள்ளே இருக்கும் மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளுமாம், உப்பு அந்த மணிகளைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார் செய்யுமாம். எப்போது வைத்தீர்கள் என்று கேட்டேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே இருக்கிறது என்றாள். அவர்கள் வீட்டுக் குழாயில் பெட்டியைத் தேடினேன். இல்லை. முன்னறையில் மட்டும் இருந்தன, விற்பதற்காக, அட்டைக்குள்.

வீட்டுக்கு வந்து சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி இவ்வளவு மெத்துன்னு இருக்கு" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கேமராவோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் விளம்பரத்துக்கு வேண்டுமாம். அம்மா சட்டையை வாங்கவில்லை. உன் வீட்டில் எந்தத் தண்ணீர் என்று மட்டும் கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அது குழந்தை தோலுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கலக்கா, அதான் வச்சோம்" என்றார். அம்மா கட்டுப் போட்ட பத்து விரலையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது உனக்குத் தோலாத் தெரியலையாடா?" மாமா கேமராவை மூடினார். நம்பிக்கையோடு வைத்தால் எல்லாருக்கும் வேலை செய்கிறது, நீதான் சந்தேகப்படுகிறாய் என்று ஆரம்பித்தார். "நம்பிக்கைக்கு எதுக்குடா கரண்ட்?" என்று கேட்டாள் அம்மா. நான் சிரித்துவிட்டேன், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சாஃப்ட்னரும் விற்கிறேன் அக்கா, உனக்கு அடக்க விலைக்கே தருகிறேன் என்றார் மாமா. அம்மா போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்பா "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஈரத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குக் காயப்போடப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் எங்களோடு போயிருக்கும். ஆனால் அம்மா சொல்லித்தானே அடுத்த கடை சலூன் அக்கா ஒன்று வாங்கினாள், மேலே ஹாஸ்டல் நடத்துகிறவரும் வாங்கினார். இன்று மதியம் அம்மா சலூனுக்குப் போனாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு. தலை அலசும் தொட்டிக்கு மேலே அதே இரண்டு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், என் தம்பி தெரிந்தேதான் விற்றிருக்கிறான் என்பதையும் சேர்த்து. சலூன் அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சீப்பைத் துடைத்துக்கொண்டே, "நான் பெட்டியையா வாங்கினேன்க்கா? உங்க வார்த்தையைத்தானே வாங்கினேன்" என்றாள். அவ்வளவுதான். ஹாஸ்டல்காரரிடம் அம்மா நாளைக்குப் போகிறாளாம்.

இனி அம்மா சொன்னது, அவள் சொன்ன வரிசையிலேயே. மாமா உன்னைக் கூப்பிட்டு உன் ஆபீஸ் ஆட்களிடம் பெட்டியைப் பற்றிப் பேசச் சொல்வார். மரியாதையாகப் பேசு, உன்னை மடியில் வைத்து வளர்த்தவர், ஆனால் சரி என்று சொல்லிவிடாதே. அக்காவைச் சமாதானப்படுத்து என்று கேட்டால், அது அக்கா தம்பி விஷயம் என்று சொல்லிவிடு. உன் அறையிலும் கெட்டில் அடியில் வெள்ளை படிந்தால் வினிகர் ஊற்றி ஊறவைத்துக் கழுவு, கத்தியால் சுரண்டாதே. சாஃப்ட்னர் வாங்குவதைப் பற்றி அப்பா விசாரிக்கிறார், நீ அதற்காக எதுவும் அனுப்ப வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. கண் விழித்து வேலை பார்க்காதே. நீ எந்தப் பொருளை நல்லது என்று யாருக்குச் சொன்னாலும், முதலில் அது உன் வீட்டில் இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் நல்ல தண்ணீரும் நல்ல மனிதர்களும் உனக்கு வாய்க்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு, கண்ணே.

கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். கோணலாக இருக்கிறது, எரிந்திருக்கும்.

உன்,
அம்மா

பின்குறிப்பு, இது என்னுடையது. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கரண்ட் போனபோது சும்மா உட்கார்ந்திருந்த வரி வந்ததும் அடிக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவன் மாட்டியது, அவனே வந்து கழற்றட்டும் என்றாள். பிறகு எழுந்து போய், சலவை அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இத்தனை நாளும் எங்கள் யாரையும் தொட விடாத அந்தப் பெட்டியின் பிளக்கைத் தன் கட்டுப்போட்ட விரல்களாலேயே பிடுங்கினாள். குழாயில் தண்ணீர் முன்பு வந்த மாதிரியே வந்துகொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பச்சை விளக்குகள் இரண்டும் அணைந்திருந்தன.