தண்ணீர் டம்ளரை எடுக்கச் சொல்

அன்புள்ள காஷிஃப் தம்பிக்கு, உங்கள் பட்டறையில் பாலிஷ் போட்ட வெள்ளைத்துரை மாமா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு தாரணி எழுதுவது. தோஹாவில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது.

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன வருஷம், வர்தா புயல் வந்து கச்சேரி ரோட்டில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்ததே, அந்தச் சமயத்தில்தான் மாட்ரிட்டிலிருந்து போட்டோ வந்தது. நாம் அனுப்பிய கிதாரின் மேல்பலகை நடுவில் வெடித்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம், அடையாற்றுத் தண்ணீர் ஊருக்குள் புகுந்த மழையில் நீ ஒட்டியது.

ஸ்பெயினில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த கிதாரின் அளவுதான் நம் பட்டறை அளவு. மேல்பலகை அப்பளம் மாதிரி மெல்லிசு. அதன் அடியில் விசிறி போலக் குச்சிகள் ஒட்ட வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்து மரம் வற்றிய பிறகுதான் உன் அப்பா அதில் கை வைப்பார். மழையில் ஒட்டிய பலகை காய்ந்த ஊருக்குப் போனால் சுருங்க வழியில்லாமல் பிளந்துவிடும். கேட்டவர் அவசரப்படுத்தினார் என்று நீ ஒட்டிவிட்டாய். போட்டோவைப் பார்த்ததும் உன் அப்பா எல்லோர் எதிரிலும் கத்தினார். "மரமே பொறுத்துக்கினு கீது, உனுக்கு இன்னாடா அவசரம்? இனிமே பலகையத் தொடாத" என்றார். நீ மார்கழியில் விமானம் ஏறிவிட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கிதாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா அதே ஜாதி மரத்தில் நூல் மாதிரி ஒரு சீவல் எடுத்து, வெடிப்பில் வைத்து மூடினார். பாலிஷ் நான் போட்டேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. அதை வாங்க ஆள் வந்தது. "காஷிஃப் வந்து பாக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அவர் கொரோனாவில் போனபோது விமானமே ஓடவில்லை. அதில் உன்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை.

இப்போது அந்தக் கிதார் ஆதம்பாக்கத்தில் உன் அம்மாவிடம் இருக்கிறது. பெருநாளைக்கு நீ போன் செய்தால், "நல்லாத்தான் கீறேன்" என்று மட்டும்தான் அவள் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். போன வாரம் போய்ப் பார்த்தேன். கிதார் பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர், அதில் பாதி முங்கின துணி. தினமும் தண்ணீர் மாற்றுகிறாளாம். காய்ந்துபோனதால்தானே அன்றைக்கு வெடித்தது, இனி காயவே விடக் கூடாது என்பது அவள் கணக்கு. அந்த ஊர்க் காய்ச்சலுக்குச் சொன்ன வைத்தியத்தை இந்த ஊர் ஈரத்தில் செய்துகொண்டிருக்கிறாள், தம்பி. பலகை வயிறு மாதிரி உப்பிவிட்டது. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை. வஜ்ரப் பசை இளகி ஒரு குச்சி விட்டுவிட்டது. லேசாகத் தட்டினாலும் உள்ளே கடகடவென்று ஆடுகிறது.

தண்ணீரை எடுத்துவிடு தாயி என்றேன். சண்டைக்கு வந்துவிட்டாள். "நீ பாலிஷ் போடற ஆளு அண்ணே. மேல இருக்கற பளபளப்பு உனுக்குத் தெரியும். உள்ள இருக்கறது இன்னா தெரியும்?" என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் பெட்டியை மூடிக்கொண்டு, "இன்னொருவாட்டி வெடிச்சா அவன் வரவே மாட்டான் அண்ணே" என்றாள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த மழைக்கு அது தாங்காது. பலகை மொத்தமாகக் கழன்றுவிட்டால் அவளும் படுத்துவிடுவாள். நான் சொல்லி அவள் கேட்கமாட்டாள். நீ சொன்னால் டம்ளரை எடுப்பாள். இன்றைக்கே போன் செய். செய்துவிட்டு, லீவு கேட்டு வா. வந்து அந்தக் குச்சியை நீயே ஒட்டு. இப்போது வேண்டாம், மேல்காற்று வரட்டும். அதுவரை ஊரில் இரு.

எனக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டாக்டர் என் மகளிடம் சொல்லிவிட்டார். தாரணி இதை எழுத மாட்டேன் என்றாள். நான்தான் எழுதச் சொன்னேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. கையில் தொழிலும் நெஞ்சில் அமைதியும் ஆண்டவன் உனக்குக் கொடுக்கட்டும். மரம் அறுத்த கரீமுல்லா போன பங்குனியில் போய்விட்டான். கழுத்துக் கட்டை செதுக்கின ஹபீபுர் ரஹ்மான் அதற்கும் முன்னால். உன் அப்பாவும் இல்லை. இருப்பவர் கணக்கில் என்னைச் சேர்க்காதே. உன்னைத் தூக்கி வளர்த்த பட்டறையில், அடுப்பில் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் வஜ்ரமும் காய்ச்சிக் கொடுத்த உன் அம்மா ஜமீலுன்னிசா ஒருத்திதான் மிச்சம்.