திங்கட்கிழமையும் நின்ற உலக்கை

திருத்தணி,
சித்தூர் ஜில்லா,
14-5-1948

அன்பு மகள் லோயிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் கத்திரி வெயிலில் வெந்தது போக மிச்சம் சுகமாக இருக்கிறோம், பெங்களூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் உன்னை ஜெபத்தில் வைக்கிறோம். சீமைக்குப் போய்ப் படிக்க வேண்டாம் என்று நான் எழுதின கடிதத்துக்கு இதுவரை உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டாவது எழுது, வாயை மூடிக்கொண்டு இருப்பது உன் அப்பா வழி, அது எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். வருகிறேன், வரவில்லை என்று இந்த மாதம் முடிவதற்குள் அந்தக் காலேஜுக்கு நீ தந்தி கொடுக்க வேண்டுமாமே, அப்பா சொன்னார். அவரைக் கேட்டால் உனக்குச் சரியென்றால் எனக்கும் சரி என்று நழுவிக்கொள்கிறார். பழி என் தலையில்.

ரேடியோ வைத்து வானத்தைக் கேட்கிற படிப்பு என்று நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சூரியன் இரைகிறதாம், நட்சத்திரக் கூட்டம் இரைகிறதாம், அமெரிக்காக்காரர்கள் சந்திரனுக்கு ரேடியோ அலையை அனுப்பி அது அங்கே மோதி இரண்டரை விநாடியில் திரும்பி வந்ததாம். தாலுகா ஆபீஸ் பக்கத்து வாசகசாலை ரேடியோவில் இதோ இருக்கிற மெட்ராஸ் பேசுவதே கொரகொரவென்று பாதி காதில் விழுவதில்லை, சந்திரனிலிருந்து திரும்பி வந்தது மட்டும் இவர்களுக்குக் கேட்டுவிட்டதா? அகிலம் முழுவதும் விரிந்துகொண்டே போகிறது என்றும் போன லீவில் சொன்னாய். மாவு பொங்கினால் பாத்திரத்துக்குள் பொங்கும், பாத்திரம் போதாவிட்டால் தரையில் வழியும், இது எதற்குள் பொங்குகிறது என்று கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடாதம்மா என்றாய். ஏன் கேட்கக் கூடாது? கேட்கக் கூடாது என்று மலைக்கோயில் குருக்களும் சொல்கிறார், நம் போதகரும் சொல்கிறார், நீயும் அதையே சொன்னால் எதற்கு அத்தனை படிப்பு? ராக்கெட்டில் ஏறி மனுஷன் சந்திரனுக்குப் போகப்போகிறான் என்று அப்பா பேப்பரைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார், போன தீபாவளிக்குத் தெருப்பிள்ளைகள் விட்ட வாணம் யார் வீட்டுக் கூரையில் விழுந்தது என்று அவரையே கேள். அணுகுண்டு செய்தவர்களும் இந்தப் படிப்புப் படித்தவர்கள்தானே என்ற பயம் வேறு. இதற்காகவா பெற்ற பெண்ணைக் கப்பலேற்றிவிட்டு வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருப்பது என்றுதான் வேண்டாம் என்று எழுதினேன்.

இப்போது நடந்ததைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரிய கிரகணம். மலைமேல் கோயில் நடை சாத்தியாயிற்று, தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் புகையவில்லை. நம் சர்ச்சில் ஆராதனை வழக்கம்போலத்தான், ஆனால் பாதி பெஞ்சு காலி, கிரகணத்தில் நம்பிக்கையில்லாதவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்துத் தலைவலி. நான் கிளம்பிப் போகிற வழியில் பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் கூப்பிட்டாள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தப் போகிறாள், கிரகணம் பிடித்திருக்கிற வரைக்கும் அது தானாக நிற்குமாம், விட்டதும் விழுந்துவிடுமாம். நான் பேசாமல் போயிருக்கலாம். உலக்கையாவது நிற்பதாவது, போ கௌரி என்றேன். அவள் நிறுத்தினாள், கையை எடுத்தாள். நின்றது! ஆடாமல் அசையாமல் கொடிமரம் மாதிரி நின்றது. பாத்தீங்களா வாத்தியாரம்மா, உங்க வேதத்துல இதுக்கு இன்னா எழுதிகீது என்று கேட்டாள், அங்கே நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அன்றைக்குப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, சூரியன் முழுசாக இருந்து மண்டையைப் பிளக்கிறான். அப்பா வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நம் வீட்டு உலக்கையைத் தாம்பாளத்தில் வைத்தேன். சாய்ந்தது. மறுபடியும் சாய்ந்தது. பொறுமையாகப் பிடித்து நிறுத்திக் கையை எடுத்தேன், நின்றுவிட்டது. அடியில் இரும்புப் பூண் தேய்ந்து தட்டையாக இருக்கிறது, பிறகு ஏன் நிற்காது? கௌரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஆங், நிக்குது, அப்போ ராகு இன்னும் முழுசா போவல போலகீது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் நிற்கும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், நிற்காது என்கிற நாங்களும் இருக்கிறோம், ஒருத்தரும் சும்மா ஒரு நாளில் உலக்கையை நிறுத்திப் பார்த்ததில்லை. கௌரியாவது கிரகணத்தன்றைக்கு நிறுத்திப் பார்க்கிறாள். நான் தொட்டுக்கூடப் பார்க்காமல் நிற்காது என்றவள். அதே வாயால்தானே உன் சந்திரனையும் பொய் என்றேன்.

ஆகையால் நீ போய் வா அம்மா. சந்திரன் சமாசாரத்தை நான் இன்னும் நம்பவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நம்பாமலேதான் அனுப்புகிறேன். யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும், அது என் மகளாக இருக்கட்டும். அங்கே போய்ப் பெரியவர்கள் சொன்னார்கள், புஸ்தகத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுதாதே. உன் காதில் விழுந்தால் விழுந்தது என்று எழுது, விழவில்லையென்றால் வெட்கப்படாமல் விழவில்லை என்று எழுது. நீ கேட்டேன் என்று எழுதினால் நான் நம்புவேன், அமெரிக்காக்காரன் சொல்லி நம்பமாட்டேன். நீ இல்லாத கிறிஸ்துமஸுக்கு யாருக்காகப் பலகாரம் சுடப்போகிறேனோ, அது என் பாடு, அதற்காக நீ நிற்க வேண்டாம். நான் சரி என்று சொன்ன மறு நிமிஷம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார், உனக்குக் கெட்டியாகப் போர்வை நெய்யச் சொல்ல. இத்தனை நாள் மனிதர் எப்படித்தான் அடக்கி வைத்திருந்தாரோ. அந்த ஊர்க் குளிருக்கு நூல் போர்வை எம்மாத்திரம் என்று அவரிடம் சொல்லிவிடாதே, வாங்கிக்கொள். மாங்காய் ஊறுகாயும் போட்டு வைக்கிறேன், கப்பலில் வாய்க்கு வேண்டும்.

கடலையும் அதற்கு மேலே உள்ள வானத்தையும் உண்டாக்கினவர் போகிற இடமெல்லாம் உனக்குத் துணையாக இருந்து, நல்ல சுகத்தோடு உன்னைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாராக. தந்தியை நாளைக்கு என்று தள்ளாதே, இதைப் படித்த கையோடு கொடு. உலக்கை இன்னும் சமையலறையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது, அப்பா இடித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார், எனக்கும் எடுத்துச் சாத்த மனசு வரவில்லை. கப்பலேறுவதற்கு முன் நீ வந்து ஒரு தடவை பார்த்துவிடு.

உன் பிரிய அம்மா,
தபிதாள் ஞானப்பிரகாசம்