ஆணியால் கீறிய பக்கம்

4-8-1971, தருமபுரி

முறிந்த காலின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி என் ஜன்னலைப் பார்த்துத் தொங்குகிறது. காலையில் ‘பங்க்சர் மாமா’. மத்தியானம் ‘பங்க்சர் மாமா’. சாயந்திரமும் அதே மாமாதான். கட்டினவனைத் திட்டவும் வழியில்லை. அந்த இசைத்தட்டைத் தயாரித்த புண்ணியவான் நானே. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். எழுந்து ஓடலாமென்றால் காலும் இல்லை.

என் வீட்டுக்காரி ஹமீதுன்னிசா சிரிக்கிறாள். "வூட்டுக்குச் சோறு போடற பாட்டுங்க. வையாதீங்க."

9-8-71

எதிர் அரிசி மண்டிக்கு மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். மூட்டை தூக்குகிறவர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இசைத்தட்டுக் கம்பெனி மேனேஜர்தான். "பங்க்சர் மாமா வித்துது. பம்பு மாமா வித்துது. பாஷா, அடுத்தது டயர் மாமா." முடியாது என்றால்? அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாதாம்.

மூன்றாவது மாமா! இந்த வேலைக்கு வந்தபோது என் தலை முழுக்கக் கறுப்பு முடி. இன்று இருக்கிற நாலும் நரை. இத்தனை வருஷத்தில் நான் எனக்காகச் செய்தது ஒன்றே ஒன்று. தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் கம்பெனிக்கு. பின்பக்கத்தை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. லேபிளில் ‘கிராமியப் பாடல்’ என்று பொதுவாகப் போட்டுவிட்டு எனக்குப் பிடித்ததைச் சேர்த்துவிடுவேன். சித்தேரி மலைக்காரர் ஒருவரின் குழல் அப்படித்தான் தட்டில் ஏறியது. பங்க்சர் மாமாவுக்குப் பின்னால் ஏரியூர் தீர்த்தம்மாளின் ஒப்பாரி இருக்கிறது. நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. யாருக்குத் தெரியும்?

6-9-71

தெரிந்துவிட்டது. மைக்செட் காளியப்பன் வந்தார், உதடு வீங்கியிருந்தது.

"பாய், ஒங்க பிளேட்டால போன வாரம் என் உசுரே போயிருக்கும்."

பென்னாகரத்தில் கல்யாணம். மாமா பாட்டு முடிந்ததும், பின்பக்கம் கிராமியப் பாடல் என்று போட்டிருக்கிறதே, இதுவும் கும்மாளமாக இருக்கும் என்று திருப்பிப் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

"தாலி கட்டற நேரம்ங்க. ‘ஆத்தோட போனியே மவனே’ன்னு ஒரு பொம்பள அழுவுது. மாப்பிள்ளையோட ஆத்தா மாருல அடிச்சுக்கிட்டு வுழுந்துட்டாங்க. என்னை எலையில இருந்து எழுப்பி அடிச்சாங்க பாய்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. ஜில்லாவில் இருக்கிற மைக்செட்காரர்கள் எல்லாரும் பேசிக்கொண்டு, அந்தத் தட்டின் பின்பக்கத்தை ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டார்களாம். ஒன்றை எடுத்துக் காட்டினார். "இனிமே எவனும் தப்பாப் போட முடியாது பாருங்க!"

விரலால் தடவிப் பார்த்தேன். ஆழமான கீறல். ஜில்லா முழுவதும் அவள் குரல் போச்சு. யாரிடம் போய்ச் சொல்வேன்?

18-9-71

கட்டுப் பிரித்தார்கள். கால் சூம்பிக் கிடக்கிறது. தடி ஊன்றி வாசல் வரை.

21-10-71

மறுபடி காளியப்பன். இந்த முறை தலை குனிந்து நின்றார். பென்னாகரத்தில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. கல்யாணத்தில் அந்தப் பாட்டைக் கேட்ட யாரோ, அதைத்தான் போட வேண்டும் என்கிறார்களாம். "எங்க பிளேட்டு அத்தனையும் கீறிக் கெடக்குது பாய். ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குமா?"

என் சொந்தத் தட்டைக் கொடுத்தேன். ஒரு மனுஷர் செத்துக் கிடக்கிறார், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷம்தான்.

24-10-71

பஸ்ஸில் போனவர்கள்கூட இறங்கி நின்று அழுதார்களாம். காளியப்பனுக்கு ஒரே பெருமை. "கல்யாண வூட்டுல அடி, சாவு வூட்டுல மாலை!"

26-11-71

டிரங்க் கால். சேலத்துக் கடைகளிலிருந்தெல்லாம் அந்த ஒப்பாரித் தட்டைக் கேட்கிறார்களாம். மேனேஜர் குரலில் தேன் ஒழுகியது. "அதே பொம்பள, பன்னிரண்டு ஒப்பாரி. கொடுத்துடு பாஷா. டயர் மாமா வேண்டாம். இனி எந்த மாமாவும் வேண்டாம்."

மண்டியிலிருந்து தடியை மறந்துவிட்டு நடந்து வந்திருக்கிறேன். இனி முன்பக்கத்திலேயே எனக்குப் பிடித்ததைப் போடலாம். இத்தனை வருஷக் கூண்டு திறந்துவிட்டது. ஹமீதுன்னிசாவை சேமியா பாயசம் வைக்கச் சொன்னேன்.

2-12-71

ஏரியூர் போனேன். தீர்த்தம்மாள் கடலைக்காட்டில் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பெண்ணும் சின்னப் பையனும். தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். நல்ல பணம் வரும் என்றும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரிய மவன காவேரி கொண்டுக்கிட்டுப் போயி ஒரு மாசங்கூட ஆவல, அப்ப வந்து பாடறியான்னு கேட்டீங்க. நெஞ்சுல அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, அழுதுட்டேன். இப்ப பன்னெண்டு பாட்டுங்கறீங்க." பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்தாள். "யாருக்குங்க பாய் அழுவறது?"

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

அவளே சொன்னாள்: "ஒங்க பொழப்பு கெடுமின்னா சொல்லுங்க, வர்றேன். நான் மாட்டேங்கல."

பஸ்ஸில் வரும்போது அதுவே ஓடியது. வர்றேன் என்றுதானே சொன்னாள்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு பாட்டு. அப்புறம் மாமா தொல்லையே இல்லை... த்தூ. என்ன மனுசன்டா நீ, அன்வர் பாஷா? மகன் போனது தெரிஞ்சும் அதைப் பாட்டாத்தானே கேட்டே? சுருதி சுத்தமா இருக்குன்னுதானே பூரிச்சுப் போனே?

சாப்பிடவில்லை.

6-12-71

மண்டிக்குப் போய் நானே மெட்ராஸுக்குக் கால் போட்டேன்.

"அந்தம்மாவுக்குத் தொண்டையில் ஏதோ வந்துவிட்டது சார். குரல் போய்விட்டது. இனிமேல் பாட முடியாதாம்."

மேனேஜர் நிஜமாகவே வருத்தப்பட்டார். நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னார். அப்புறம், டயர் மாமா எப்போது தயாராகும் என்று கேட்டார்.

பொங்கலுக்குள் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.