மகள் எழுதிய மணிக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்
மகள் போய் ஏழு வாரம். மதியம் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய பேராசிரியர் போனில் கூப்பிட்டார். அவள் கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் ஏற்றுக்கொண்டதாம். படிவத்தில் அவள் இடத்தில் வாரிசாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "சும்மா ஒரு சம்பிரதாயம்மா." ஏழு வாரமாக என்ன ஏது என்று கேட்காத வாய்.

மார்ச் 6, வியாழன்
போனேன். முக்கால் மணி நேரம் வெளியே உட்கார வைத்தார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பென்சிலால் காட்டினார். எட்டாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கட்டுரையின் உரிமை முழுக்க அந்த இதழுக்குப் போய்விடுமாம். எத்தனை நாளைக்கு? எப்போதைக்கும். படம்? படமும்தான்.

அந்தப் படம் என் கை. தைத்துத் தைத்து வீங்கிய மணிக்கட்டு. எங்கள் தையல் கூடத்தில் முப்பத்துநாலு பேர் மணிக்கட்டை அளந்துதான் மகள் அதை எழுதினாள். அச்சானதும் ஆளுக்கொரு பிரதி தருவதாக ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள். நகல் எடுத்துக் கொடுக்கலாமா என்றேன். அதற்கும் இதழ்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். படிப்பதற்கே கட்டணமாம்.

என் கையை நானே காசு குடுத்துப் பாக்கணுமா? எழுதினவளுக்கு என்ன கிடைக்கும்? பெருமையாம். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடாமல் படிவத்தோடு வந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
மூன்று ஊசி முறிந்தது.

மார்ச் 8, சனி
கல்லூரி நூலகத்தில் மகளோடு பழகிய பெண்ணிடம் படிவத்தைக் காட்டினேன். வரி வரியாகப் படித்தாள். "எழுதினவங்களுக்குத்தான் உரிமைக்கா. இதுல கையெழுத்துப் போட்டா கைமாறிடும். அச்சுப் போட மட்டும் அனுமதி தர்றேன்னு கேட்டுப் பாப்போம்."

புரிந்தது. ஒருத்தி துணியைத் தைக்கக் கொடுக்கிறாள். தைத்துவிட்டு, துணி இனி என்னுடையது, உடுத்த வேண்டுமானால் என்னைக் கேள் என்று நான் சொன்னால் விளக்குமாற்றை எடுப்பாள். இந்த இதழ்காரர்களுக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம்.

நூலகப் பெண்ணே இதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள்.

மார்ச் 11, செவ்வாய்
பேராசிரியருக்குக் கோபம். இப்படி அடம்பிடித்தால் கட்டுரையே வெளிவராது என்கிறார். "உங்க பொண்ண நெனச்சுப் பாருங்கம்மா."

நெனச்சுப் பாக்கணுமாமே. வேற என்ன பண்றேன் நான், நாள் முழுக்க?

போனை வைத்த பிறகு அந்தப் படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வராமலே போய்விட்டால்? அவள் பெயர் அச்சில் வருவதை நானே கெடுத்ததாக ஆகிவிட்டால்?

மார்ச் 20, வியாழன்
வேறு படிவம் வந்துவிட்டது. அச்சிட மட்டும் அனுமதி. உரிமை எழுதியவளுக்கு, அவளுக்குப் பின் வாரிசுக்கு. நகல் கொடுக்கத் தடையில்லை. எனக்காகப் புதிதாக எழுதியது இல்லையாம், முன்பே இருக்கிறதாம். கேட்பவர்களுக்கு மட்டும் அனுப்புவார்களாம். கெட்டிக்காரர்கள்.

பேராசிரியருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம். இருபது வருஷமாக நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், படித்த மனுஷன்.

மகளுடைய பேனாவால் போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்
கட்டுரை அச்சில் வந்துவிட்டது. முப்பத்துநாலு பேருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாயிற்று. போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு கைக்கா?"

"என்னோடது."

"எழுதினது?"

"என் பொண்ணு."

தனக்கும் ஒன்று கிடைக்குமா என்றாள். எனக்கென்று வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.