கெட்டிலை வெளியேற்றிய தீர்மானம்

அன்புள்ள மனைவிக்கு,

நானும் குழந்தையும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போன மாதம் மூன்றாம் தேதி எங்கள் ஆய்வுக்கூடத்தில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டது. ஐந்து பேர் இரண்டு மணி நேரம் விவாதித்து, படலம் செய்யும் அறையில் டீ போடும் கெட்டில் இனி இருக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். பார்வையாளர்கள் வரும்போது அறை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம். முன்மொழிந்தவர் இயக்குநர். வழிமொழிந்தவன் நான்.

என் வேலை என்ன என்று அங்கே உன் வார்டில் கூட வேலை பார்க்கும் நர்சுகள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்படிச் சொல்: ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பாலிமர்களை நுனியில் முடிச்சுப் போட்டுக் கரைசலாக்கிக் கண்ணாடியில் ஊற்றுவோம். சேரவும் பிடிக்காது, பிரியவும் முடியாது. தாமாகவே அடுக்கடுக்காக ஒதுங்கிக்கொள்ளும், கூட்டுக்குடும்பம் மாதிரி. பிறகு ஒன்றை மட்டும் கழுவி எடுத்துவிட்டால், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல் படலம் நீலமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். போன வருடம் முழுக்க அப்படித்தான் அனுப்பியது.

நான்காம் தேதியிலிருந்து அனுப்பவில்லை. முப்பத்தோரு முறை ஊற்றினேன். முப்பத்தொன்றும் ஆறிப்போன கஞ்சி நிறம். கரைசலை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன், கடைசியில் சட்டையைக்கூட மாற்றிப் பார்த்தேன். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி சரியாகத்தான் காட்டியது. அது மாட்டியிருப்பது வாசலில்.

குழந்தைக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அம்மாவுக்கு அனுப்பு என்று தாளில் மடித்துக் கொடுத்திருக்கிறாள். எதிர் வீட்டுப் பெண்ணிடம், "எங்க அம்மா போனுக்குள்ள இருக்காங்க, படம் நீலமா வந்தா வெளிய வந்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். நாம் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி பார்வையாளர்கள் வந்தார்கள், திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்கிறவர்கள். ஒரே மாதிரி மூன்று படலம் கேட்டார்கள். ஒரே மாதிரி மூன்று வெள்ளைப் படலம் கொடுத்தேன். அறை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

திட்டத்தை மூடும் கடிதத்தை வாங்க இயக்குநர் அறைக்குப் போனபோது கெட்டில் அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் வியர்த்திருந்தது. என் மேஜையில் ஒரு முழம் தள்ளி அது இருந்த இடம் ஞாபகம் வந்தது. ஈரக்காற்றில்தான் அந்தப் பாலிமர் இழைகள் இளகி, நகர்ந்து, அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கின்றன. கேட்டு வாங்கி வந்து, கொதிக்க வைத்து, ஊற்றினேன். மயில் கழுத்து நீலம்.

ஓடிப்போய்க் காட்டினேன். இயக்குநர் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா டீ போட்டாத்தான் ஆராய்ச்சி நடக்கும்னு நான் மேல எழுத முடியுமா? அதுவும் மூடின திட்டத்துக்கு?" என்றார். வழிமொழிந்தவன் நான்; படலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திட்டம் தொடர்ந்து என் வேலை நிரந்தரமானால் நீ அங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஊர் திரும்பிவிடுவதாகப் பேசியிருந்தோம். இனி அதற்கு வழியில்லை. ஆகவே அந்த மூன்று வருட ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. யோசித்துக்கொண்டு நிற்காதே, யோசித்தால் போட மாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. அந்த நீலத் துண்டை இந்த உறைக்குள் பல்லோடு வைத்திருக்கிறேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சாய்த்துப் பார்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் கணவன்

பி.கு.: ஒன்றாம் தேதியிலிருந்து படல அறைதான் ஊழியர்களின் சாப்பாட்டு அறை. கெட்டிலை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.