கோமதி கேட்ட ஒரு கரண்டி

15-5-1983, ஞாயிறு

புது மதினிக்காகச் செய்த பழப் புட்டிங் நன்றாகவே வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் பிஸ்கட், வாழைப்பழம், மாதுளை, பாலாடை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. அண்ணன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். நான் மட்டும் தொடவில்லை.

தெருவில் பிரிட்ஜ் இருப்பது அடுத்த வீட்டுச் செண்பகம் அக்காவிடம் மட்டும்தான். அவர்கள் சுத்த சைவம். நேற்று கிண்ணத்தோடு போனபோதும், "என்ன வேணும்னாலும் வைங்க டீச்சர், முட்டை கவிச்சி மட்டும் வேண்டாம்" என்றார். தலையாட்டினேன். பாலாடைக்கு அடியில் இருந்த கஸ்டர்டில் இரண்டு முட்டை.

இன்று மதியம் எடுக்கப் போனேன். அக்காவின் மகள் கோமதிக்கு இது ஐந்தாம் மாதம். தாய்வீடு வந்திருக்கிறாள்.

"காலையில இருந்து இவ பிரிட்ஜைத் தொறந்து தொறந்து பாக்குதா. ஒரு கரண்டி கொடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா. கோமதி ஸ்பூனோடு நின்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேன். விருந்தாளிகள் முதலில் சாப்பிடட்டும் என்றேன். கோமதியின் முகம் விழுந்துவிட்டது.

அக்கா அவளைத்தான் அதட்டினார். "ஏட்டி, சும்மா இரு. அவிய வீட்டு விருந்துக்குச் செஞ்சது. ஒனக்கு டீச்சர் எடுத்து வைப்பாக."

மிச்சம் இருந்தது. கொடுக்கவில்லை.

நாளை முட்டையில்லாமல் செய்து கொடுக்க வேண்டும். குளிர வைக்க அங்கேதான் போக வேண்டும். இதில் முட்டை இல்லை அக்கா என்று நானாகச் சொன்னால், அப்போ நேத்து வச்சதுல இருந்துச்சா என்று கேட்பாரோ?

கேட்க மாட்டார். அதனால்தான் தூக்கம் வரவில்லை.