சரிபாதி மாத்திரை

மார்ச் 4

என் உடம்பே என் ஈரலைத் தின்கிறதாம். அதற்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள், என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். மோட்டார் ரிப்பேரை நானாகக் கற்றவன் நான். இதையா கண்டுபிடிக்க மாட்டேன்?

ஏப்ரல் 2

ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஈரல் நோயின் அளவு குறையவே இல்லை. சோதனைக்கு வரும் தையல்காரம்மாவுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆக, மாவு எனக்குத்தான். எங்கே போனாலும் எனக்கு ஓரவஞ்சனை.

கேன்டீனில் அவளிடம் சொன்னேன்: "ரெண்டு டப்பாவையும் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்மா. அதான் நியாயம்."

"டாக்டர் திட்ட மாட்டாரா அண்ணா?"

"எது எதுன்னே தெரியாதவர் என்னத்தத் திட்டறது?"

சிரித்துவிட்டாள். கலந்தோம்.

ஏப்ரல் 3

"என்ன மாமா, முகத்துல இவ்வளவு வெற்றி?" என்றாள் மருமகள். பழைய மோட்டார் ஒன்று ஓடிவிட்டது என்றேன்.

மே 6

எனக்குக் குறைந்திருக்கிறது. டாக்டர் கைகொடுத்தார். தையல்காரம்மாவுக்கு ஏறிவிட்டது, கண்ணெல்லாம் மஞ்சள். "மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். தையல்காரம்மா ஆமென்று தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் மருந்து என் உடம்பில் வேலை செய்கிறது. நியாயமாம் நியாயம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதைப் பேசினேன்?

மே 9

தையல்காரம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

மருமகளிடம் எல்லாம் சொன்னேன். "அந்தம்மா காட்டிக்கொடுக்கல. அவங்க முதுகுக்குப் பின்னாடி எத்தனை நாள் ஒளியப் போறீங்க மாமா?"

வாய் ஜாஸ்தி அவளுக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரிடம் சொன்னேன்: "யோசனை என்னுது. அவங்க மேல தப்பில்ல." திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் மெதுவாக, "மருந்து அவங்களுக்குக் கேக்கலன்னு நினைச்சேன்யா. நீங்க சொல்லலன்னா வேற வைத்தியம் பாத்திருப்பேன், ஈரல் இன்னும் கெட்டிருக்கும்" என்றார்.

மே 12

இருவரையும் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு இது வேண்டியதுதான். அவளுக்கு?

ஜூன் 18

இருவருக்கும் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பழைய மாத்திரைதான். அது முகத்தை உப்ப வைக்கும். அவளுக்குக் கன்னம் இரண்டும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் இடம் இருந்தும் சுவரோரமாக நின்றேன்.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை அண்ணா. கலக்க ஒண்ணுமில்ல. வந்து உட்காருங்க."

உட்கார்ந்தேன். டோக்கன் கூப்பிடும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.